செஸ் விளையாட்டில் முன்னேற கம்ப்யூட்டரில் எதைப் படிக்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், முதல் வாரத்திலேயே குழந்தைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் செஸ் இருக்கா?" என்பதுதான் அது. விண்டோஸ் விஸ்டா மற்றும் விண்டோஸ் 7 சிஸ்டங்களில் செஸ் டைட்டன்ஸ் என்ற விளையாட்டு இணைத்தே தரப்பட்டது. பின்னர் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அது இல்லை. ஆனால் கவலைப்பட வேண்டாம். அதனைக் காட்டிலும் பல மடங்கு சிறந்த செஸ் புரோகிராம்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பிரச்னை அதுவல்ல. இவற்றை வைத்துக் கொண்டு எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் பிரச்னை. இதில் நான் செய்த தவறை முதலில் சொல்லி விடுகிறேன். நீங்களாவது அதனைத் தவிர்க்கலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் படிப்புக்காக ஒரு லேப்டாப் வாங்கினேன். அவளுக்கு அப்போது 10 வயது. செஸ் விளையாட்டை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. தினமும் மாலையில் தாத்தாவும் பேத்தியும் மரப் பலகையில் ஆடுவார்கள். "கம்ப்யூட்டரில் ஆடினால் சீக்கிரம் முன்னேறலாம்" என்று நான்தான் குறுக்கே புகுந்தேன். ஒரு செஸ் புரோகிராமை இன்ஸ்டால் செய்து, அதன் திறனை உச்ச அளவில் செட் செய்தேன். பலசாலியிடம் மோதினால்தான் பலம் வரும் என்பது என் எண்ணம். கூடவே, ஆட்டத் தொடக்கங்கள் குறித்த பைல்களைத் தேடித் தேடி டவுண்லோட் செய்து, ஒரு போல்டர் நிறையப் போட்டு வைத்தேன். சிசிலியன், கேரோகான், கிங்ஸ் இந்தியன் எனப் பெயர்களை மனப்பாடம் செய்தாள்.

இரண்டு மாதம் சென்றது. ஒரு ஆட்டத்தில்கூட அவள் ஜெயிக்கவில்லை. ஒருநாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, "அப்பா, எனக்கு இனிமே செஸ் வேணாம்பா" என்றாள். தாத்தாவுடனும் ஆடப் போகவில்லை. என் அப்பா என்னைத் திட்டவில்லை. "ஏண்டா, அவ தோத்த ஆட்டத்தை எல்லாம் அந்தப் பெட்டி எழுதி வச்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். எழுதித்தான் வைத்திருந்தது. இருவரும் அமர்ந்து கடைசி 20 ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவற்றில் 13 ஆட்டங்களில் அவள் தோற்றதற்குக் காரணம் ஒன்றுதான். ஏதோ ஒரு காயைக் காப்பு இல்லாமல் விட்டு, சும்மா பறிகொடுத்திருக்கிறாள். சிசிலியனுக்கும் கேரோகானுக்கும் இதில் வேலையே இல்லை.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். செஸ் பழகுபவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவர் தோற்ற ஆட்டங்களில் இருக்கிறது. அதைப் பதிந்து வைத்து, திரும்ப எடுத்துக் காட்டுவதில்தான் கம்ப்யூட்டர் நமக்குப் பெரிதும் உதவுகிறது.

ஏன் கம்ப்யூட்டரிடம் மோதக் கூடாது?

1996ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கம்ப்யூட்டருடன் நடந்த போட்டியில் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ் 4-2 என வென்றார். 1997ல் அதே டீப் புளூ 3.5-2.5 என அவரைத் தோற்கடித்தது. அது பெரிய அலமாரிகள் போன்ற சிறப்புக் கம்ப்யூட்டர். இன்று உங்கள் மேஜை மீதுள்ள சாதாரண லேப்டாப்பில் இயங்கும் ஸ்டாக்பிஷ் என்ற இலவச செஸ் என்ஜின், எந்த கிராண்ட்மாஸ்டரையும் வெல்லும் திறன் படைத்தது. என்ஜின் என்பது காய்களின் நகர்வுகளைக் கணக்கிடும் புரோகிராம். 10 வயதுக் குழந்தையை இதனுடன் மோத விடுவது, நீச்சல் பழக நடுக்கடலில் இறக்கி விடுவதற்குச் சமம்.

சரி, திறனைக் குறைத்து வைத்து ஆடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஆடலாம். ஆனால் பல என்ஜின்கள் திறனைக் குறைத்தால் மனிதரைப் போலத் தவறு செய்வதில்லை. நான்கு நகர்வு பிரமாதமாக ஆடிவிட்டு, ஐந்தாவதில் ராணியைக் காரணமே இல்லாமல் கொடுத்துவிடும். இதனைச் சரி செய்ய, மனிதர்கள் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களைக் கொண்டு பழக்கப்பட்ட மாயா என்ற என்ஜின் 2020ல் வெளியானது. இது நம்மைப் போலவே தடுமாறும். இருந்தாலும், உங்கள் தரத்தில் உள்ள மனிதருடன் ஆடுவதே முதல் தேர்வாக இருக்கட்டும்.

என்ன வேண்டும்?

இன்டர்நெட் இணைப்பு உள்ளவர்கள் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பிரவுசரைத் திறந்து லீசெஸ் என்ற தளத்திற்குச் செல்லுங்கள். முகவரி நினைவில் நிற்க ஒரு வழி. முதலில் எல்.ஐ.சி. என்ற மூன்று எழுத்துக்கள், தொடர்ந்து எச்.இ.எஸ்.எஸ்.; பின்னர் டாட் ஆர்க். நடுவில் இடைவெளியோ புள்ளியோ வேண்டாம். 2010ல் தொடங்கப்பட்ட இந்தத் தளம் லாப நோக்கமற்றது. விளம்பரம் கிடையாது. எல்லா வசதிகளும் இலவசம்.

இன்டர்நெட் இணைப்பு அடிக்கடி அறுந்து போகும் இடத்தில் இருப்பவர்கள் லூகாஸ் செஸ் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்திடலாம். விண்டோஸ் சிஸ்டத்தில் இயங்கும் இலவச புரோகிராம் இது. பல்வேறு திறன் கொண்ட என்ஜின்களும் பயிற்சிகளும் இதில் உள்ளன. எதனை டவுண்லோட் செய்தாலும், அந்த புரோகிராமின் சொந்தத் தளத்திலிருந்தே செய்திடுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர லிங்க்குகளில் கிளிக் செய்தால், செஸ்ஸுடன் சேர்ந்து வேண்டாத புரோகிராம்களும் உள்ளே வந்துவிடும்.

கட்டங்களின் பெயர்கள்

மேலே செல்லும் முன் ஒரு சிறு விஷயம். செஸ் பலகையில் இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை எழுத்துக்கள். வெள்ளைக் காய்கள் இருக்கும் பக்கத்திலிருந்து மேல் நோக்கி 1 முதல் 8 வரை எண்கள். வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்கும் கட்டம் இ1. கருப்பு ராஜா நிற்பது இ8. இது பழகிவிட்டால் எந்த ஆட்டத்தையும் எழுதலாம், படிக்கலாம். பத்து நிமிடம் போதும். இந்தக் கட்டுரையில் மூலையில் நிற்கும் காயை யானை என்றும், குதிரைக்கு அடுத்து நின்று குறுக்காகச் செல்லும் காயை பிஷப் என்றும் குறிப்பிட்டுள்ளேன்.

முதல் பாடம்: காயைக் காப்பாற்று

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 எனக் காய்களுக்கு ஒரு மதிப்பு வைத்துக் கொள்வது வழக்கம். ராஜாவுக்கு விலை இல்லை. ஆரம்ப நிலையில் பெரும்பாலான ஆட்டங்கள், 3 அல்லது 5 மதிப்புள்ள காயைச் சும்மா கொடுப்பதால்தான் முடிகின்றன. எனவே ஒவ்வொரு முறையும் மவுஸைத் தொடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. எதிரில் இருப்பவர் கடைசியாக நகர்த்திய காய் எதைத் தாக்குகிறது?

2. நான் வைக்கப் போகும் கட்டத்தில் என் காய் பத்திரமாக இருக்குமா?

3. இதை நகர்த்தினால், இதன் காப்பில் இருந்த வேறு காய் அநாதையாகிவிடுமா?

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளை தன் சிப்பாயை இ4க்கு நகர்த்துகிறது, கருப்பு இ5. வெள்ளையின் பிஷப் சி4க்கு வருகிறது. கருப்புக் குதிரை சி6க்கு வருகிறது. அடுத்து வெள்ளை ராணி எச்5க்கு வந்து நிற்கிறது. புதியவர் உடனே, "ராணியை விரட்டுகிறேன்" என இன்னொரு குதிரையை எஃப்6ல் வைப்பார். ராணி எஃப்7ல் உள்ள சிப்பாயை வெட்டும். செக்மேட்! நான்கே நகர்வில் ஆட்டம் முடிந்தது. என் மகள் இப்படி மூன்று முறை தோற்றிருந்தாள். முதல் கேள்வியைக் கேட்டிருந்தால், எஃப்7ஐ ராணியும் பிஷப்பும் சேர்ந்து தாக்குவதும், அதற்கு ராஜாவைத் தவிர வேறு காப்பு இல்லாததும் தெரிந்திருக்கும். ஜி6க்கு சிப்பாயை நகர்த்தினால் போதும். ராணியின் வழி அடைபடும், ராணியும் விலகியாக வேண்டும். அது எஃப்3க்குச் சென்று மீண்டும் எஃப்7ஐக் குறி வைத்தால், அப்போது குதிரையை எஃப்6ல் வைக்கலாம். அதே குதிரை, அதே கட்டம். ஒரு நகர்வு பொறுத்து வைத்தால் காப்பு; அவசரப்பட்டால் செக்மேட்.

இரண்டாம் பாடம்: புதிர்கள்

காய்களைச் சும்மா கொடுப்பது குறைந்தவுடன், எதிராளியின் காய்களை வெட்டும் வழிகளைப் படிக்க வேண்டும். இதற்கு லீசெஸ் தளத்தில் பஸில்ஸ் என்ற பிரிவு உள்ளது. அதில் தீம்ஸ் என்பதில் கிளிக் செய்தால் வகை வாரியாகப் புதிர்கள் கிடைக்கும். தொடக்கத்தில் நான்கு வகை போதும்.

ஒரே நகர்வில் செக்மேட்: இதில் தொடங்குங்கள். மிக எளிது என்று தாண்டிச் செல்ல வேண்டாம்.

போர்க்: ஒரு காய் இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்குவது. வெள்ளைக் குதிரை சி7க்கு வந்தால் இ8ல் உள்ள ராஜாவுக்கு செக். ஏ8ல் உள்ள யானைக்கும் ஆபத்து. ராஜா நகர்ந்தாக வேண்டும், யானை நமக்கு.

பின்: ஒரு காயை நகர முடியாமல் குத்தி வைப்பது. டி7 சிப்பாய் நகர்ந்துவிட்ட நிலையில், வெள்ளை பிஷப் பி5ல் நின்றால், சி6ல் உள்ள கருப்புக் குதிரை அசைய முடியாது. அசைந்தால் பின்னால் உள்ள ராஜா மீது செக் விழும்.

கடைசி வரிசை செக்மேட்: ராஜா ஜி8ல் இருக்க, அதற்கு முன்னால் எஃப்7, ஜி7, எச்7 கட்டங்களில் சொந்தச் சிப்பாய்களே மதில் போல நிற்கும். எதிராளியின் யானை எட்டாவது வரிசைக்கு வந்தால், தப்பிக்க வழி இருக்காது.

நாளுக்கு 10 புதிர்கள் போதும். ஆனால் ஊகித்து கிளிக் செய்யக் கூடாது. எதிராளியின் பதிலையும் சேர்த்து மனதில் ஆடிப் பார்த்துவிட்டே மவுஸைத் தொட வேண்டும். வேகமாக 50 புதிர் போடுவதைவிட, நிதானமாக 10 புதிர் போடுவதே பலன் தரும். இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். புதிரில் "இங்கே ஏதோ இருக்கிறது" என்பது முன்பே நமக்குத் தெரியும். நிஜ ஆட்டத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேலே சொன்ன மூன்று கேள்விகள்தான் அங்கே துணை.

மூன்றாம் பாடம்: ஆட்டத்தை முடிப்பது

கியூபா நாட்டின் கபாபிளாங்கா, உலக சாம்பியன் ஆன 1921லேயே தொடக்க நிலையினருக்கான புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதை அவர் ஆட்டத் தொடக்கங்களில் ஆரம்பிக்கவில்லை. பலகையில் ஓரிரு காய்கள் மட்டுமே மிஞ்சி இருக்கும்போது செக்மேட் செய்வது எப்படி என்பதிலிருந்துதான் ஆரம்பித்தார். ஒவ்வொரு காயின் பலமும், பலகை காலியாக இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும்.

லீசெஸ் தளத்தில் டூல்ஸ் பிரிவில் போர்டு எடிட்டர் கிடைக்கும். அதில் வெள்ளைக்கு ராஜா, ராணி. கருப்புக்கு ராஜா மட்டும் வைத்து, கம்ப்யூட்டருடன் ஆடிப் பாருங்கள். இங்கே உச்ச அளவுத் திறன் தாராளமாக வைக்கலாம். தனி ராஜாவை வைத்துக் கொண்டு அதனால் நம்மை வெல்ல முடியாது! எந்த நிலையிலிருந்தும் 10 நகர்வுக்குள் செக்மேட் செய்துவிடலாம். ராணிக்குப் பதில் யானை என்றால் 16 நகர்வு. முதலில் நமக்கு 30, 40 ஆகும். பரவாயில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. கருப்பு ராஜா எச்8 மூலையில் இருக்கும்போது நம் ராணியை ஜி6ல் வைத்துவிட்டால், ராஜாவுக்கு செக்கும் இல்லை. நகர இடமும் இல்லை. இது ஸ்டேல்மேட். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிரா ஆகிவிடும். இதனை ஆட்டத்தில் பட்டு அறிவதைவிட, வீட்டில் ஒருமுறை செய்து பார்த்து அறிவது நல்லது.

அடுத்தது ராஜாவும் ஒரு சிப்பாயும். வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ3, கருப்பு ராஜா இ6 என வைத்துப் பாருங்கள். நகர்த்த வேண்டிய முறை கருப்பினுடையது என்றால் வெள்ளை வெல்லும். வெள்ளையினுடையது என்றால், சரியாக ஆடினால் டிரா. ஒரே நிலை, யார் முறை என்பதில் முடிவு மாறுகிறது! இரு பக்கமும் மாறி மாறி ஆடிப் பார்த்தால் காரணம் புரியும்.

தொடக்கங்கள் கடைசியில்

அப்படியானால் நான் டவுண்லோட் செய்த போல்டர்? அதனை அழிக்கவில்லை, ஒதுக்கி வைத்தேன். ஆரம்ப நிலையில் எதிராளி புத்தகத்தில் உள்ளபடி ஆட மாட்டார். மூன்றாவது நகர்விலேயே மனப்பாடம் கை விட்டுவிடும். எனவே இப்போதைக்கு நான்கு விதிகள் போதும். நடுக்கட்டங்களில் ஒரு சிப்பாயை முன்னால் வையுங்கள். குதிரைகளையும் பிஷப்புகளையும் முதலில் வெளியே கொண்டு வாருங்கள். காரணமின்றி ஒரே காயை இருமுறை நகர்த்தாதீர்கள். பத்து நகர்வுக்குள் கேஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள்.

முக்கியப் பாடம்: தோற்ற ஆட்டம்

கம்ப்யூட்டரில் ஆடிய ஆட்டங்கள் பி.ஜி.என். என்ற வகை பைலாகக் கிடைக்கும். இது வெறும் டெக்ஸ்ட் பைல். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். மகள் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி, ஒவ்வொரு ஆட்டத்தையும் தேதியிட்டு சேவ் செய்து வைத்தோம். மரப் பலகையில் தாத்தாவுடன் ஆடும் ஆட்டங்களையும் ஒரு நோட்டில் எழுதி, பின்னர் கம்ப்யூட்டரில் ஏற்றினோம்.

ஆட்டம் முடிந்தவுடன் கம்ப்யூட்டர் அனாலிஸிஸ் பட்டனை அழுத்தும் ஆசை வரும். பொறுங்கள். முதலில் நீங்களே ஆட்டத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "இங்கேதான் தவறினேன்" என நினைக்கும் இடத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். அதன் பிறகு பட்டனை அழுத்துங்கள். சிறு பிழை, பிழை, பெரும் பிழை எனத் தளம் பிரித்துக் காட்டும். அருகில் ஓர் எண்ணும் இருக்கும். +3 என்றால் வெள்ளை ஏறத்தாழ ஒரு குதிரை அளவுக்கு முன்னிலையில் உள்ளது. -3 என்றால் கருப்பு. சிறு பிழைகளை விட்டுவிடுங்கள். எண் திடீரெனத் தாவும் இடங்களை மட்டும் பாருங்கள். "உன் தவறுகளிலிருந்து கற்றுக்கொள்" என்ற பொருள் தரும் ஆங்கில பட்டன் ஒன்றும் அங்கே உண்டு. அதனை அழுத்தினால், நீங்கள் தவறிய இடங்களையே புதிராக மாற்றித் தரும். உங்களுக்கென்றே தைத்த சட்டை போல!

ஏன் முதலில் நாமே பார்க்க வேண்டும்? சரியான நகர்வை என்ஜின் சொல்லும்; நாம் என்ன நினைத்துத் தவறாக நகர்த்தினோம் என்பது அதற்குத் தெரியாது. அது நமக்கு மட்டும்தான் தெரியும். சோவியத் உலக சாம்பியன் போட்வின்னிக் ஒரு மின் பொறியாளர். செஸ் புரோகிராம் உருவாக்கும் முயற்சியிலும் ஈடுபட்டவர். அவரே, சொந்த ஆட்டங்களை ஆராய்ந்து எழுதுவதைத்தான் வலியுறுத்தினார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன் ஆன சென்னையின் குகேஷும், ஏறத்தாழ கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை என்ஜின்களை நாடாமலேயே பயிற்சி பெற்றவர். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வகுத்த வழி அது. அந்த உயரத்திற்குச் செல்பவருக்கே அப்படி என்றால், நமக்கு?

சில எச்சரிக்கைகள்

ஒரு நிமிடம், மூன்று நிமிட ஆட்டங்கள் போதை தரும், பாடம் தராது. ஒருவருக்கு 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 10 விநாடியும் தரும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மனிதர்களுடன் ஆடும்போது இன்னொரு விண்டோவில் என்ஜினைத் திறந்து வைத்து நகர்வு கேட்பது ஏமாற்று வேலை. தளங்கள் இதனைக் கண்டறிந்து அக்கவுண்ட்டை முடக்கிவிடும். குழந்தைகளின் அக்கவுண்ட்டில் கிட் மோட் என்பதை ஆன் செய்துவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் அவர்களுடன் சாட் செய்ய முடியாது. தோற்றவுடன் அடுத்த ஆட்டத்திற்குத் தாவ விடாதீர்கள்.

எங்கள் வீட்டு அட்டவணை

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 10 புதிர்கள். புதன்கிழமை மட்டும் கூடுதலாக, சில காய்கள் மிஞ்சிய நிலை ஒன்று. சனிக்கிழமை ஒரே ஒரு நீண்ட ஆட்டம். ஞாயிறு காலை அந்த ஆட்டத்தை அலசுவது. அவ்வளவுதான். தினமும் அரை மணிக்கு மேல் இல்லை.

என் மகள் பெரிய வீராங்கனை ஆகிவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. மீண்டும் தாத்தாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. சென்ற பொங்கல் விடுமுறையில், கடைசி வரிசை செக்மேட்டில் அவரை முதல் முறையாக வென்றாள். தாத்தா சிறிது நேரம் பலகையையே பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர், "அந்தப் பெட்டியைத் திற பார்ப்போம். நான் எங்கே கோட்டை விட்டேன்னு பார்க்கணும்" என்றார்.

நீங்களும் அப்படித் தொடங்குங்கள். கடைசியாக நீங்கள் தோற்ற ஆட்டம் நினைவில் இருந்தால், இன்றே அதனைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்களேன்.